பெருந்தொற்றுக் கால உழவர் உதவித்தொகையும் பயனாளர் பட்டியலின் வெளிப்படைத்தன்மையும்

பெருந்தொற்றுக் கால உழவர் உதவித்தொகை என்பது, 2020ஆம் ஆண்டு கோவிட்-19 பொதுமுடக்கத்தின்போது இந்திய அரசு உழவர் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் நேரடியாகச் செலுத்திய பணத்தைக் குறிக்கும். இதற்கெனத் தனித் திட்டம் எதுவும் தொடங்கப்படவில்லை. ஏற்கெனவே நடைமுறையில் இருந்த பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டத்தின் (பி.எம். கிசான்) தவணையே முன்கூட்டி வழங்கப்பட்டது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் இத்திட்டத்தில் தகுதியற்றவர்கள் பல லட்சம் பேர் சேர்க்கப்பட்டது தெரியவந்தது. பயனாளர் பட்டியல் ஊர்வாரியாக இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருந்த காலத்திலேயே இது நடந்தது. எனவே, பட்டியலை வெளியிட்டால் மட்டும் வெளிப்படைத்தன்மை வந்துவிடுமா என்ற கேள்விக்கு இது நல்ல எடுத்துக்காட்டாக உள்ளது.

திட்டமும் பொதுமுடக்கமும்

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வழங்கப்படுகிறது. முதலில் 2 எக்டேர் வரை நிலமுள்ள சிறு, குறு உழவர்களுக்கு மட்டும் என்றிருந்தது, பின்னர் நிலமுள்ள எல்லா உழவர் குடும்பங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோர், அரசு ஊழியர்கள் (கடைநிலை ஊழியர் நீங்கலாக), மாதம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஓய்வூதியம் பெறுவோர், மக்களவை, சட்டமன்ற உறுப்பினர்கள், தொழில் நடத்தும் மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் போன்றோருக்கு இது கிடையாது. 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவர்களே தகுதியுடையவர்கள். அதன்பின் வாரிசாக நிலம் பெற்றவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. மறுநாள், மார்ச் 26 அன்று, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த நிவாரணத் தொகுப்பில், 2020–21 நிதியாண்டின் முதல் தவணையான 2,000 ரூபாய் ஏப்ரல் தொடக்கத்திலேயே சுமார் 8.7 கோடி உழவர்களுக்கு வழங்கப்படும் என்றார். எப்படியும் வர வேண்டிய பணம்தான் சற்று முன்னதாக வந்தது. எனவே இதைக் கூடுதல் உதவி என்று சொல்வதைவிட, முன்பணம் என்று சொல்வதே பொருந்தும். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் நாள் ஊதியம் 256 ரூபாய். அந்தக் கணக்கில் பார்த்தால் 2,000 ரூபாய் எட்டு நாள் கூலிக்கும் குறைவு.

ஆனாலும் அந்த நேரத்தில் அந்தப் பணத்துக்கு மதிப்பு இருந்தது. திண்டுக்கல் சமவெளியை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம், அதைச் சுற்றியுள்ள ஊர்கள் காய்கறிச் சாகுபடிக்குப் பேர்போனவை. இந்திய–இசுரேல் கூட்டு முயற்சியில் அமைந்த காய்கறி மகத்துவ மையம் இங்குதான் உள்ளது. இப்பகுதியின் விளைச்சலில் பெரும்பகுதி, கேரளத்துக்குக் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும். மாநில எல்லையில் வண்டிகள் தடைப்பட்டு, உணவகங்களும் விடுதிகளும் மூடப்பட்டபோது, காய் பறிக்கும் கூலிக்குக்கூட விலை கட்டுமா என்ற கணக்கு வந்துவிட்டது. நிலக்கோட்டைப் பக்கத்து மல்லிகை விவசாயிகளின் நிலை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் பெரிய கோயில்கள் 2020 செப்டம்பர் 1 வரை வழிபாட்டுக்குத் திறக்கப்படவில்லை, திருமணங்களும் சுருங்கின. செடியில் பூத்த பூவை நாளைக்கென்று வைத்திருக்க முடியாது. கையில் காசு புரளாத அந்த மாதங்களில், வங்கிக் கணக்கில் 2,000 ரூபாய் ஏறியது என்று கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி பலருக்கு உரத்துக்கோ மளிகைக்கோ வழி காட்டியது. இதே நெருக்கடிதான் மோசடிக்கும் வழி திறந்தது.

பெயர் எப்படிப் பட்டியலில் ஏறுகிறது

திட்டத்தில் சேர விரும்பும் உழவர் பட்டா, சிட்டா, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்க வேண்டும். பொதுச் சேவை மையம் வழியாகவோ, திட்டத்தின் இணையதளத்தில் தாமாகவோ பதிவு செய்யலாம். ரெட்டியார்சத்திரம் போன்ற ஓர் ஊராட்சி ஒன்றியத்தில், நிலம் அவருடையதுதானா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் கணக்கும், அவர் பயிர் செய்பவர்தானா என்பதை ஊருக்கு வந்துபோகும் உதவி வேளாண்மை அலுவலரும் உறுதிப்படுத்த முடியும். அதன்பின் வட்டார, மாவட்ட அளவில் வேளாண்மைத் துறையினர் தமக்குரிய உள்நுழைவுப் பெயர், கடவுச்சொல் கொண்டு ஒப்புதல் தருவர். மாநில அரசு ஒப்புதல் தந்த பெயர்களுக்கு ஒன்றிய அரசு நேரடியாகப் பணம் அனுப்பும்.

கணினியில் ஒப்புதல் தருபவருக்கும் நிலத்துக்கும் இடையே உள்ள தொலைவை இங்குக் கவனிக்க வேண்டும். தருமத்துப்பட்டியில் யாருக்குக் கிணற்றுப் பாசனம் இருக்கிறது, ஆடலூர் மலையில் யார் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மாவட்டத் தலைநகரில் திரை முன் அமர்ந்திருப்பவருக்கு ஒரு பெயரும் சில எண்களும்தான் தெரியும். இடையில் இருக்கும் கள ஆய்வு நடக்காவிட்டால், கடவுச்சொல் வைத்திருப்பவரே நிலம் இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்பவராகிவிடுகிறார்.

2020 முறைகேடு

2020 ஆகஸ்ட் மாதத்தில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட வட மாவட்டங்களில், நிலமே இல்லாதவர்களின் கணக்கில் உழவர் உதவித்தொகை வந்திருப்பது வெளிப்பட்டது. ‘கொரோனா நிவாரணம்’ என்று சொல்லி ஆதார், வங்கிப் புத்தக நகல்களை இடைத்தரகர்கள் வாங்கிச் சென்றதாகவும், பணம் வந்ததும் ஒரு பகுதியைத் தரகாகப் பெற்றதாகவும் செய்திகள் வந்தன. ஆக, ‘போலிப் பயனாளர்’ என்று எண்ணப்பட்டவர்களில் எல்லோரும் ஏமாற்றியவர்கள் அல்லர். தாம் எந்தத் திட்டத்தில் சேர்க்கப்பட்டோம் என்பதே தெரியாத கூலித் தொழிலாளர்களும் அவர்களில் இருந்தனர்.

அப்போதைய வேளாண்மைத் துறை முதன்மைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செப்டம்பரில் செய்தியாளர்களிடம், 110 கோடி ரூபாய்க்கு மேல் முறைகேடாகப் பெறப்பட்டுள்ளது என்றார். வழக்கு சி.பி.சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே மாதம் ஒன்றிய வேளாண்மை அமைச்சகம் வெளியிட்ட விவரப்படி, தமிழ்நாட்டில் 5.95 லட்சம் பயனாளர்களின் கணக்குகள் சரிபார்க்கப்பட்டன. அவற்றில் 5.38 லட்சம் தகுதியற்றவை. அதாவது, சோதித்ததில் பத்தில் ஒன்பது. தலா ஒரு தவணை 2,000 ரூபாய் என்று வைத்தாலே இது 107 கோடியைத் தாண்டும்.

மாவட்ட அலுவலர்களின் உள்நுழைவுப் பெயரையும் கடவுச்சொல்லையும், தரவு சரிபார்ப்புக்காக ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டவர்கள் தவறாகப் பயன்படுத்தியதே காரணம் என்று அமைச்சகம் கூறியது. 96 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டனர். 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை எடுக்கப்பட்டது. கடவுச்சொல்லைப் பாதுகாக்கத் தவறியதற்காக வட்டார அளவிலான அலுவலர்கள் 3 பேரும் உதவி வேளாண்மை அலுவலர்கள் 5 பேரும் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 13 மாவட்டங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவாகி, 52 பேர் கைது செய்யப்பட்டனர். அதற்குள் 61 கோடி ரூபாய் திரும்பப் பெறப்பட்டிருந்தது.

கைதானவர்களிலும் நீக்கப்பட்டவர்களிலும் ஒப்பந்தப் பணியாளர்களே முன்னால் நின்றனர். சில மாத ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் கையில், கோடிக்கணக்கான ரூபாயை விடுவிக்கும் கடவுச்சொல் எப்படிப் போனது என்ற கேள்வி துறையின் அமைப்பைப் பற்றியது. அதற்குத் தனிமனிதர் மீதான வழக்கில் விடை கிடைப்பது அரிது.

பட்டியல் திறந்திருந்தது, வாசிப்பவர் இல்லை

பி.எம். கிசான் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால் அந்த ஊரின் பயனாளர் பட்டியல் வரும். உள்நுழைவு தேவையில்லை. ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்தின் எந்தக் கிராமத்துக்கும் இதை எவரும் பார்க்கலாம். திட்டத்தின் செயல்பாட்டு நெறிமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. தகுதியுள்ளோர் பட்டியல் கிராம அளவில் வெளியிடப்பட வேண்டும். விடுபட்டவர்கள் முறையிட வாய்ப்புத் தர வேண்டும். மாவட்ட அளவில் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். ஆண்டுதோறும் பயனாளர்களில் 5 விழுக்காட்டினரை நேரில் சரிபார்க்க வேண்டும்.

காகிதத்தில் இதைவிடத் திறந்த ஏற்பாடு அமைவது கடினம். ஆனால் கிராமத்தில் ஒரு பட்டியலை ஊர் கூடி வாசிக்கும் இடம் கிராம சபைதான். தமிழ்நாட்டில் அப்போது சனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கிராம சபை கூடும். தொற்றைக் காரணம் காட்டி 2020இல் மே, ஆகஸ்ட், அக்டோபர் கூட்டங்கள் மூன்றும் நடக்கவில்லை. 2021 அக்டோபர் 2 அன்றுதான் அவை மீண்டும் கூடின. முறைகேடு நடந்த மாதங்கள் முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்கும்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. 2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல், மாவட்டப் பிரிப்பின் காரணமாக ஒன்பது மாவட்டங்களில் நடத்தப்படவில்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, வேலூர், இராணிப்பேட்டை, செங்கல்பட்டு ஆகியவை அவற்றுள் அடங்கும். அங்குத் தேர்தல் 2021 அக்டோபரில்தான் நடந்தது. அதாவது, முறைகேடு முதலில் வெளிப்பட்ட கள்ளக்குறிச்சியிலும் விழுப்புரத்திலும் 2020இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். இதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகள் இருந்த கடலூரிலும் முறைகேடு நடந்தது. எனினும் ஒரு கிராமத்தில் திடீரென்று நூற்றுக்கணக்கான புதுப் பெயர்கள் ஏறியதை உடனே கேட்கக்கூடிய ஆள் யார் என்று பார்த்தால், அந்த இடம் பல ஊர்களில் காலியாக இருந்தது.

பட்டியலை ஊரார் முன் வாசிப்பது என்ற முறைக்கு இராசத்தானில் ஒரு வரலாறு உண்டு. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 முதல் அங்குப் பொது விசாரணைகளை நடத்தியது. அரசு வேலைகளின் வருகைப் பதிவேடுகளை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் கட்டாத கட்டடங்களின் செலவுக் கணக்குகளும் அப்போது வெளிப்பட்டன. தகவல் அறியும் உரிமைக்கான இயக்கம் அங்கிருந்தே வளர்ந்து, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் முடிந்தது. காகிதம் அரசு அலுவலகத்தில் முன்பும் இருந்தது. அதை ஊர் கேட்கும்படி வாசித்தபோதுதான் அது சான்றாக மாறியது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவு, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் வெளியிட வேண்டியவற்றைச் சொல்கிறது. மானியத் திட்டங்கள் நடைபெறும் முறை, ஒதுக்கப்பட்ட தொகை, பயனாளர்களின் விவரம் ஆகியவை அதில் அடங்கும். கேட்டுப் பெற வேண்டியவற்றுக்கு 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு கொடுத்தால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நாடு தழுவிய அளவில் இத்திட்டத்தின் ஓட்டைகள் முதலில் எண்களாகத் தெரிந்தது இப்படி ஒரு மனுவால்தான். காமன்வெல்த் மனித உரிமைகள் முன்னெடுப்பு அமைப்பைச் சேர்ந்த வெங்கடேஷ் நாயக் கேட்ட கேள்விக்கு வேளாண்மை அமைச்சகம் அளித்த பதில் 2021 சனவரியில் வெளியானது. 20.48 லட்சம் தகுதியற்றோருக்கு 1,364 கோடி ரூபாய் சென்றிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர், 55.58 விழுக்காட்டினர், வருமான வரி செலுத்துவோர். தமிழ்நாட்டில் பிடிபட்ட ஏழைத் தொழிலாளர்களோடு இதை ஒப்பிட்டால், பொதுவாக நினைப்பதற்கு மாறான படம் கிடைக்கிறது. தகுதியில்லாமல் பணம் பெற்றவர்களில் வசதியுள்ளோர் பங்கு சிறியதல்ல. வரி செலுத்துவோர் பட்டியலும் உழவர் பட்டியலும் ஒரே அரசிடம் இருந்தும், பணம் போகும் முன் அவை ஒன்றோடொன்று ஒப்பிடப்படவில்லை.

2021 சூலையில் நாடாளுமன்றத்தில் அன்றைய வேளாண்மை அமைச்சர் நரேந்திர சிங் தோமர் தந்த எண்ணிக்கை இன்னும் பெரிது: 42 லட்சத்துக்கு மேற்பட்ட தகுதியற்றோர், ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய். இதில் தமிழ்நாட்டின் பங்கு 7.22 லட்சம் பேர், 340.56 கோடி ரூபாய். அசாம் (8.35 லட்சம் பேர்) மட்டுமே இதைவிட அதிகம். ஓராண்டுக்குள் கணக்கு இப்படி மாறியதிலிருந்து, தேடத் தேடத்தான் எண்ணிக்கை கிடைத்தது என்பது புலனாகிறது.

பெயரை வெளியிடலாமா

அரசுப் பணம் பெறும் உழவரின் பெயரை வெளியிடுவது பற்றிப் பிற நாடுகளிலும் வழக்காடியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வேளாண் மானியம் பெறுவோர் அனைவரின் பெயரையும் தொகையையும் இணையத்தில் வெளியிட்டது. செருமானிய உழவர்கள் தொடுத்த வழக்கில், 2010 நவம்பர் 9 அன்று ஐரோப்பிய நீதிமன்றம், தனிநபர்களைப் பொறுத்தவரை அது அளவுக்கு மீறியது என்று அந்த விதிகளைத் தள்ளுபடி செய்தது. பின்னர் 2013இல் வந்த புதிய விதி பெயர் வெளியீட்டை மீட்டது. மிகச் சிறு தொகை பெறுவோரின் பெயர் மட்டும் மறைக்கப்பட்டது. அமெரிக்காவில் 2020 ஏப்ரலில் கொரோனா கால உதவியாக உழவர்களுக்கு 1,600 கோடி டாலர் நேரடியாக வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அங்கு என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு, அரசிடம் தகவல் கேட்டுப் பெற்று, மானியம் யாருக்கு எவ்வளவு போனது என்பதைத் தேடிப் பார்க்கும் தரவுத்தளமாகப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. அங்கெல்லாம் கேள்வி பெரும்பாலும் பெரும்பண்ணைகள் பெறும் பெருந்தொகை பற்றியது. இந்தியாவில் எல்லோருக்கும் ஒரே 2,000 ரூபாய். எனவே இங்குக் கேட்கப்படுவது, ‘அவருக்கு எவ்வளவு’ என்பதன்று, ‘அவர் உழவரா’ என்பதே.

அதற்குப் பெயரும் ஊரும் போதும். ஆதார் எண்ணோ வங்கிக் கணக்கோ தேவையில்லை. ஆனால் 2022இல் இதே திட்டத்தின் இணையதளத்தில் இருந்த ஒரு வசதி வழியாக உழவர்களின் ஆதார் எண்கள் வெளியே தெரிந்தன என்று ஓர் இணையப் பாதுகாப்பு ஆய்வாளர் கண்டறிந்தார், பின்னர் அது சரிசெய்யப்பட்டது. காட்ட வேண்டியதும் மறைக்க வேண்டியதும் ஒரே திரையில் கலந்துவிட்டதன் விளைவு இது. 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் எதையும் மறுக்க இடம் தந்தது. இத்திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பொதுநலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவு நீக்கப்படவில்லை. ஆனால் அதைக் காட்டி வாதாட வேண்டிய சுமை இப்போது கேட்பவர் மேல் விழுகிறது.

பட்டியலில் வராத உழவர்

முறைகேட்டைப் பற்றிப் பேசும்போது தகுதியின்றி உள்ளே வந்தவர்களே கணக்கில் வருகிறார்கள். தகுதி இருந்தும் வெளியே நிற்பவர்களைப் பட்டியல் காட்டாது. குத்தகைக்கும் வாரத்துக்கும் நிலம் பிடித்துப் பயிர் செய்பவர்கள் பி.எம். கிசானில் சேர முடியாது. பட்டா யார் பெயரிலோ பணம் அவருக்கே. 2020இல் தக்காளியை அறுவடை செய்ய முடியாமல் விட்டவர் குத்தகைதாரர் என்றால், இழப்பு அவருக்கு, 2,000 ரூபாய் நகரத்தில் இருக்கும் நில உரிமையாளருக்கு. ஆந்திரப் பிரதேசத்தின் ரைத்து பரோசா திட்டம் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மைக் குத்தகை உழவர்களையும், ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டன. தமிழ்நாட்டில் இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. பாட்டன் பெயரிலேயே இருக்கும் பட்டா, அண்ணன் தம்பி பிரித்துக்கொண்டும் பிரிக்கப்படாத கூட்டுப் பட்டா ஆகியவை ஊருக்கு ஊர் உண்டு. நிலத்தில் உழுபவர் யார் என்பதில் ஊரில் யாருக்கும் ஐயம் இருக்காது, கணினிக்கு மட்டும் இருக்கும்.

2022க்குப் பிறகு

முறைகேட்டுக்குப் பின் இத்திட்டத்தில் ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பும் நிலப்பதிவேட்டு இணைப்பும் கட்டாயமாக்கப்பட்டன. அதன் விளைவு உடனே தெரிந்தது. 2022 மே 31 அன்று வெளியிடப்பட்ட 11ஆம் தவணை சுமார் 21,000 கோடி ரூபாய். அக்டோபர் 17 அன்று வெளியிடப்பட்ட 12ஆம் தவணை சுமார் 16,000 கோடி. ஐந்து மாத இடைவெளியில் குறைந்த 5,000 கோடி ரூபாயில் தகுதியற்றவர்களின் பங்கும் இருக்கும். கைரேகை பதியாத முதியவர், கைப்பேசி எண் மாறியவர், பட்டா பெயர் மாற்றம் முடியாதவர் ஆகியோரின் பங்கும் இருக்கும். இணையதளப் பட்டியல் இன்று யார் இருக்கிறார் என்பதைக் காட்டும். நேற்று இருந்தவர் ஏன் இன்று இல்லை என்ற காரணத்தை ஊர் பார்க்கும்படி காட்டுவதில்லை. தன் தவணை நின்றது ஏன் என்று அறிய விரும்புபவர் பதிவு எண்ணை இட்டுத் தன் நிலையை மட்டும் பார்க்கலாம், அல்லது வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குச் சிட்டாவுடன் போக வேண்டும்.

2025 முதல் தமிழ்நாட்டு உழவர்கள் நிலப்பதிவேட்டுடன் இணைந்த தனித்துவ அடையாள எண் பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். பி.எம். கிசான் தவணைக்கும் பிற வேளாண் மானியங்களுக்கும் இந்த எண் அடிப்படையாக்கப்படுகிறது. இதற்கான பதிவும் பட்டாவின் பெயரிலேயே நடக்கிறது.